மகன் துப்பாக்கி வாங்கப் போகிறானாம், என்ன சொல்வது?

கொண்டலாம்பட்டி அம்மா:
மகன் அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் வேலையில் இருக்கிறான். கூட மருமகள், ஐந்து வயதுப் பேத்தி. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் திருட்டு போனதிலிருந்து கைத்துப்பாக்கி வாங்கியே தீருவேன் என்று நிற்கிறான். "இங்கே அது உரிமைம்மா" என்கிறான். டெக்சாஸில் 2021 முதல் 21 வயதானவர் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாமாம். மருமகளுக்கு இஷ்டமில்லை, போன் போட்டு அழுகிறாள். அவன் பயத்தையும் பொய் என்று தள்ள முடியவில்லை. அங்கே பள்ளிக்கூடத்தில்கூடச் சுடுகிறார்களே, அது துப்பாக்கி இருப்பதாலா, மனுஷர்கள் கெட்டுப்போனதாலா? வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

ஓமலூர்க்காரன், டெக்சாஸ்:
அம்மா, என்னிடமும் ஒன்று இருக்கிறது. என் வீடு ஊரைத் தாண்டி இருக்கிறது, கூப்பிட்டால் போலீஸ் வர நேரமாகும். உங்கள் மகன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கடையில் வாங்கச் சொல்லுங்கள், அங்கே பின்னணியை விசாரித்துத்தான் தருவார்கள். தனி ஆளிடம் வாங்கினால் அந்த விசாரணை கிடையாது. அதை இன்னும் அப்படியே விட்டுவைத்திருப்பது எனக்கே சரியாகப் படவில்லை.

ஏற்காடு காப்பித் தோட்டம்:
அக்கா, எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது, ஒற்றைக்குழல். காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் கிழங்குத் தோட்டத்தை உழுதுபோட்டுவிடும். பயிரைக் காக்கத் துப்பாக்கி கேட்கலாம் என்று 1959 ஆயுதச் சட்டமே சொல்கிறது. அதனால் உரிமை என்ற பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் இந்த மலையில் நான் பயப்படுவது பன்றிக்கு இல்லை. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி, கருமருந்தும் பால்ரஸ் குண்டும் கெட்டித்துக் கூரையில் செருகியிருக்கும். அந்த வீட்டில் ஒருத்தர் குடித்துவிட்டு வருவார், அண்ணன் தம்பிக்குள் பங்குத் தகராறு இருக்கும், கடன்காரன் வாசலில் நிற்பான். சண்டை எல்லா வீட்டிலும் உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கும் வீட்டில்தான் சண்டை சாவில் போய் முடிகிறது. ஒப்படைத்தால் வழக்கில்லை என்று மலைக் கிராமங்களில் போலீசார் அறிவிப்பார்கள். நல்ல காரியம். ஆனால் பன்றிக்கு வேலியும் நாசமான பயிருக்கு நேரத்தோடு இழப்பீடும் இல்லாவிட்டால், கொடுத்தவரே அடுத்த வருஷம் இன்னொன்று செய்து வாங்குவார்.

அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலை. 2021-ல் ஏறக்குறைய 48,800 பேர், அதில் 26,000-க்கு மேல் தன்னைத் தானே சுட்டுக்கொண்டவர்கள். செய்தியில் வருவது பள்ளிக்கூடம், கடைவீதி. வீட்டுக்குள் தனியாக நடப்பது வருவதில்லை. வேலை போய், பேச ஆளில்லாமல், மனசு உடைந்த ஒரு ராத்திரியில் துப்பாக்கி மறுயோசனைக்கு நேரமே தராது. நம் ஊரில் பூச்சிமருந்து செய்கிற வேலை அங்கே அது செய்கிறது. கடலூர் மாவட்டக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பொது இடத்தில் பூட்டி வைத்துப் பார்த்தார்கள், தற்கொலை குறைந்தது. யாருடைய விவசாயமும் நின்றுபோகவில்லை.

எங்கள் வீட்டில் குழலைக் கழற்றி மரக்கட்டையைத் தனியே பரணில் வைப்போம். தோட்டா இரும்புப் பீரோவில், சாவி என் மனைவியிடம். நான் கேட்டால் எதற்கு என்று கேட்பாள், பதில் சொன்னால்தான் தருவாள். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுவோம். அந்த நாட்களில் தகரம் தட்டி, பட்டாசு போட்டுத்தான் பன்றி விரட்டுகிறோம். உரிமை அங்கேயேதான் இருக்கிறது, எங்கேயும் போய்விடவில்லை.

மகனிடம் வாங்காதே என்று ஆரம்பிக்காதீர்கள். எதற்குப் பயப்படுகிறாய், வேலை நிலையாக இருக்கிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். திருடன் பயம் மட்டும்தான் என்றால் நல்ல பூட்டும் கேமராவும் முதலில். அதற்கப்புறமும் வேண்டும் என்றால் மருமகள் சம்மதம் இல்லாமல் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அஸ்தம்பட்டி வக்கீல்:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். உரிமை என்றால் வரம்பே இல்லை என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றமும் சொல்லவில்லை. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவுக்கு ஆளானவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2024-ல் அது செல்லும் என்றது. டெக்சாஸிலும், குண்டு போட்ட துப்பாக்கியை 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை எடுக்கும்படி அஜாக்கிரதையாக விட்டால் குற்றம். மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

கொண்டலாம்பட்டி அம்மா:
ரொம்ப நன்றிங்க. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது தூக்கம் வருதா என்றுதான் முதலில் கேட்கப் போகிறேன். போன மாசம் அவன் ஆபீஸில் நிறையப் பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள் என்று மருமகள் சொன்னாள், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓமலூர்த் தம்பி, உங்கள் வீட்டில் பூட்டி வைக்கும் பெட்டி சாவி போட்டதா, எண் போட்டதா? குழந்தை இருக்கிற வீட்டுக்கு எது நல்லது?

ஓமலூர்க்காரன், டெக்சாஸ்:
எண் போட்டதுதான் அம்மா, சுவரோடு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறேன். தோட்டா வேறு பெட்டியில். உங்கள் மகன் நம்பரைத் தனியாக அனுப்புங்கள், பக்கம்தான், இந்த வாரமே நேரில் போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.