பழைய போளை கையில் கிடைத்த கதைகள்

கொக்குவிலில் ஒரு பழைய நாற்சார் வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நிலை, கதவுக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் வந்துவிட்டது. மண் வாரியவர் ஒரு பால்மா ரின் நிறையப் போளை (கோலிக்குண்டு) சேர்த்து வைத்திருந்தார், "பிள்ளையளுக்குக் குடுக்கலாம் எண்டு வைச்சனான்" என்றார். பெரும்பாலானவை நாங்கள் எல்லாரும் கிடங்கு தோண்டி அடித்த அதே வகைதான், தெளிந்த கண்ணாடிக்குள் இதழ் மாதிரி நிறம் இருக்குமே, அது. ஜப்பானிலிருந்து 1950களில் உலகமெல்லாம் பரவியது, ஆகவே வீட்டின் வயதைப் போளைக்குச் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் வேறு. உள்ளே வெள்ளை நூல்கள் வலையாக முறுகி, அதைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாகப் பட்டைகள், இரண்டு முனையிலும் சொரசொரப்பாக ஒரு சின்ன வடு. பழைய போளை தேடுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது அந்த வடுவைத்தான். ஜெர்மனியில் லௌஷா என்ற ஊரில் 1840களில் இதற்கென்றே ஒரு கத்தரி செய்தார்கள், ஒரு பக்கம் சிறு கிண்ணம், மற்றப் பக்கம் வெட்டும் அலகு. நிறக் கம்பிகள் பதித்த கண்ணாடித் தண்டைச் சூடாக்கி முறுக்கி, இளகிய முனையைக் கிண்ணத்தில் உருட்டி வெட்டி எடுப்பார்கள், வெட்டிய இடம்தான் வடு. பிறகு அமெரிக்காவில் அக்ரோன் நகரத்து மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905இல் இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். அதில் உருகிய கண்ணாடித் துண்டு பள்ளம் வெட்டிய உருளைகளுக்கிடையில் சுழன்று சுழன்று தானாகவே உருண்டையாகிவிடும், தண்டிலிருந்து வெட்டிய வடு இருக்காது.

-----

அண்ணை, எனக்குக் கிடைத்தது கிணறு இறைத்தபோது. கழுத்து உடைந்த சோடாப் போத்தல், உள்ளே பச்சை கலந்த நீலத்தில் ஒரு போளை. ஹைரம் கொட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற போத்தல் வகை அது. தலைகீழாக வைத்து நிரப்பினால் வாயுவின் அழுத்தம் போளையைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி அடைத்துவிடும், வேறு மூடி தேவையில்லை. மணலில் இருக்கும் இரும்புதான் அந்தப் பச்சைக்குக் காரணம். இந்தப் போளைக்காகவே போத்தலை உடைத்தோம் என்று குஞ்சியப்பு சிரித்துக்கொண்டு சொல்கிறார், சோடாக் கடைக்காரர் சிரித்திருக்கமாட்டார். இப்போது இதைப் 'புராதன விளையாட்டுப் போளை' என்று சிலர் கண்டபடி விலை சொல்லி விற்கிறார்கள், ஏமாறாதீர்கள். பழையதாக இருக்கலாம், ஆனால் அது அடைப்பான்.

-----

நான் சொல்ல வந்தது மினுக்குவது பற்றி. எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய போளை ஒன்றை "கீறலை எடுத்துத் தாறன்" என்று வாங்கிக்கொண்டு போய்ச் சக்கரத்தில் பிடித்துவிட்டார். கீறல் போனது சரி, வடுவும் போய்விட்டது, இனி அது கைவேலை என்று யாரிடம் காட்டுவது? சேர்ப்பவர்கள் மேற்பரப்பு செய்தபடியே இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், மெல்லிய துணி போதும்.

அப்புறம், கண்ணாடி மட்டும் தேடாதீர்கள். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைனில் அகேற் கல்லைச் சாணையில் பிடித்துப் போளை செய்தார்கள், வெளிச்சத்தில் திருப்பினால் சாணை பட்ட சின்னச் சின்னத் தட்டை முகங்கள் தெரியும். அப்படி ஒன்று அம்மம்மாவின் பெட்டகத்திலிருந்து எனக்கு வந்தது. உள்பெட்டியில் அனுப்பி விலை கேட்கவேண்டாம், கொடுக்கமாட்டேன்.