புதுப்பிப்பு: மரவள்ளியைத் தின்றது காட்டுப்பன்றி இல்லை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மரவள்ளியையும் செம்பனை (எண்ணெய்ப்பனை) கன்றுகளையும் இரவில் ஏதோ தின்றுவிட்டுப் போகிறது, காட்டுப்பன்றியாக இருக்கும் என்று போன மாதம் எழுதியிருந்தேன். இல்லை, முள்ளம்பன்றி.

பன்றி என்றால் நிலத்தையே உழுதுபோட்ட மாதிரி கிளறியிருக்கும். இங்கே செடி மட்டும் சாய்ந்து கிடந்தது. கிழங்கில் உளி வைத்துச் செதுக்கியது போல இரண்டிரண்டாகப் பல் தடம். பக்கத்திலேயே ஒரு முள், நடுவில் கறுப்பு, இரு முனையும் வெள்ளை. அதைக் கையில் எடுத்ததும் சந்தேகம் தீர்ந்தது.

கண்ணி வையுங்கள், கம்பியில் கரண்ட் விடுங்கள் என்று சிலர் சொன்னீர்கள். இரண்டையும் செய்யவில்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முள்ளம்பன்றியை உரிமம் இல்லாமல் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. கரண்ட் கம்பி அதைவிட மோசம். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள்.

அப்புறம் மாமாவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை செய்தோம். ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கம்பிவலை கட்டி, அடியை ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்தோம். புதைப்பதுதான் முக்கியம், அது நன்றாகத் தோண்டும். மரவள்ளிக்கு வலை போதவில்லை, முற்றிய கிழங்கை முன்னாலேயே பிடுங்கிவிட்டோம்.

குருத்து போன மூன்று கன்றுகள் பிழைக்கவில்லை. வலை கட்டியபின் மூன்று வாரமாக ஒன்றும் போகவில்லை. நேற்றுக் காலை ஒரு வலையோரம் அரையடி தோண்டிவிட்டு விட்டுப்போன குழி இருந்தது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன்.