16 கிலோ கெட்டில்பெல், கர்லாக்கட்டை, புல்-அப் பார்: மூன்றையும் எப்படிச் சேர்ப்பது?

தொடங்கியவர்: மூணு_சாமான்
வீட்டில் இருப்பது இவ்வளவுதான்: 16 கிலோ கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) ஒன்று, 4 கிலோ கர்லா ஒரு ஜோடி, கதவு நிலையில் திருகி இறுக்கும் புல்-அப் பார். வாரம் 3 நாள், தலா 40 நிமிடம். புல்-அப் 5 வரும். பெல்லைத் தலைக்கு மேல் பிரஸ் செய்தால் வலது 6, இடது 4. மூன்றையும் ஒரே நாளில் செய்வதால் கடைசியில் பிடி விட்டுவிடுகிறது, முழங்கை உள்பக்கம் லேசாக வலிக்கிறது. கிளீன் செய்யும்போது (பெல்லைக் கீழிருந்து ஒரே வீச்சில் தோளுக்குக் கொண்டுவரும்போது) பெல் முன்கையில் வந்து இடிக்கிறது. எதை எங்கே வைப்பது?

இரும்புப்பிடி
சாமான் போதும், அடுக்கிய விதம்தான் தப்பு. ஸ்விங் (பெல்லைக் கால்களுக்கு இடையிலிருந்து முன்னே வீசுவது), கர்லா, புல்-அப் மூன்றுக்கும் விரலை மடக்கும் தசைகள்தான் வேலை செய்கின்றன. அவற்றில் பல, முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில் போய் ஒட்டுபவை. தசை சீக்கிரம் தேறிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் தேறும். அதனால்தான் வலி அங்கே முதலில் தெரிகிறது.

திங்கள், வெள்ளி: கிளீன் ஒரு முறை, பிரஸ் 3. எப்போதும் இடது கையில் தொடங்குங்கள். இடது எத்தனையோ வலதும் அத்தனையே, ஒன்றுகூட அதிகம் வேண்டாம். ஒரு நிமிடம் ஓய்வு, பிறகு புல்-அப் 2 அல்லது 3. இப்படி 5 சுற்று. முடிந்ததும் பெல்லை நெஞ்சோடு அணைத்து காப்லெட் ஸ்குவாட் 8 வீதம் 3 செட். அதில் பிடிக்கு வேலை குறைவு, கை ஆறும்.

புதன்: கர்லாவும் ஸ்விங்கும் மட்டும். கர்லா முதலில், கைக்கு 10 சுற்று, 4 தடவை. பிறகு இரண்டு கை ஸ்விங், ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10, மொத்தம் 10 நிமிடம்.

வலி தீரும்வரை புல்-அப்புக்கு லிஃப்டிங் ஸ்ட்ராப் (மணிக்கட்டில் மாட்டிப் பாரில் சுற்றும் பட்டை) கட்டிக்கொள்ளுங்கள். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் அது நரம்பு விவகாரம், டாக்டரிடம் போய்விடுங்கள்.

கர்லா_வாத்தி
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். முழங்கை வலி இருக்கும்போது 4 கிலோ கர்லா வேண்டாம், 2 கிலோ போதும். எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கட்டையின் கனம் கையிலிருந்து தள்ளி, தடித்த முனையில் இருக்கிறது. கனத்தின் மையம் பிடியிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருந்தால், கட்டை கிடைமட்டமாக வரும்போது 4 கிலோவும் மணிக்கட்டை ஏறக்குறைய 16 நியூட்டன்-மீட்டர் அளவுக்கு முறுக்கும். ரேக்கில், அதாவது கையை மடக்கிப் பெல்லைத் தோளருகே நிறுத்தும்போது, அது முன்கை மேல் சாய்ந்து நிற்பதால் மணிக்கட்டுக்கு அந்த முறுக்கு கிடையாது.

சுற்றும்போது கட்டை முதுகுக்குப் பின்னால் நேராகத் தொங்க வேண்டும், முழங்கை மேல்நோக்கி இருக்க வேண்டும். கட்டை கிடையாகப் படுத்தே சுற்றுகிறது என்றால் மணிக்கட்டால் தள்ளுகிறீர்கள், வலிக்குப் பாதிக் காரணம் அதுதான். கட்டை பின்னால் இறங்கும்போது விலா முன்னே தள்ளினால் இடுப்பு வளைகிறது. வயிற்றை இறுக்கி, மூச்சை விட்டுக்கொண்டே இறக்குங்கள்.

சீலிங் ஃபேன் இருக்கும் அறையில் கண்டிப்பாக வேண்டாம். மரத்துக்கு எண்ணெய் பூசுபவர்கள் பிடியை மட்டும் விட்டுவிட்டுப் பூசுங்கள், வியர்வையோடு சேர்ந்தால் கட்டை கையை விட்டுப் பறக்கும்.

ஒத்தை_பெல்
முன்கையில் இடிப்பதற்கு: பெல்லை உடம்பை விட்டுத் தள்ளி, அகல வளைவாகக் கொண்டுவருகிறீர்கள். மேல்கை விலாவை ஒட்டியே இருக்கட்டும். பெல் தொப்புள் உயரத்துக்கு வந்ததும் பிடியைத் தளர்த்தி, கையைக் கைப்பிடிக்குள் ஆழமாக நுழைத்துவிடுங்கள். பெல் முன்கையைச் சுற்றி உருண்டு வந்து அமரும், கைக்கு மேலாகக் கவிழ்ந்து விழாது. கைப்பிடி உள்ளங்கையில் குறுக்காக, கட்டைவிரல் இடுக்கிலிருந்து எதிர்ப்பக்க அடி மேடு வரை படுத்திருக்க வேண்டும்.

அடுத்த பெல் பெரும்பாலும் 20 கிலோவாக இருக்கும். 16-லிருந்து ஒரே தாவலில் 25 சதவீதம். ஸ்விங்கும் ஸ்குவாட்டும் அதைத் தாங்கும், பிரஸ் தாங்காது. இரு கையிலும் 5 வீதம் 5 செட் சுத்தமாக வந்தபிறகு வாங்குங்கள். வாங்கினாலும் பிரஸ்ஸுக்குப் பல வாரம் 16-தான்.

பாரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எனாமல் பெயிண்ட் அடித்த நிலையில் ரப்பர் முனை வழுக்கும். இரண்டு பக்கமும் கிண்ணத் தாங்கி வைத்து மரத்தில் ஸ்குரூ போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் தொங்குவதற்கு முன் இறுக்கம் பாருங்கள்.

மூணு_சாமான்
நன்றி. புதன்கிழமை ஸ்விங்குக்கு இடையில் தண்டால் சேர்க்கலாமா?

இரும்புப்பிடி
தாராளமாக. ஸ்விங் 10 ஒரு நிமிடம், தண்டால் 5 அடுத்த நிமிடம் என்று மாற்றி மாற்றி 12 நிமிடம் செய்யுங்கள். பிடிக்கு இடைவெளி கிடைக்கும். மணிக்கட்டு உறுத்தினால் தரையில் உள்ளங்கையை ஊன்றாமல் தண்டால் கட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விங்கில் முதுகு கூன் விழத் தொடங்கினால் அந்த நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள்.