கல்மண்டபம் ஆயா வீடு (எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு)

நான் (இரவு 8:04): எல்லாருக்கும் வணக்கம். ஒரு உதவி வேண்டும். வெள்ளிக்கிழமை கல்லூரியில் சமூக ஊடகங்கள் வளர்ந்த கதையைப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தேதிகளை எடுத்துவிட்டேன். 1997 இல் சிக்ஸ் டிகிரீஸ், 2002 இல் ஃபிரெண்ட்ஸ்டர், 2003 இல் மைஸ்பேஸ், 2004 இல் ஆர்குட், ஃபேஸ்புக். ஆனால் இது எங்கேயோ நடந்த கதையாக இருக்கிறது. நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்லுங்களேன்.

தண்டையார்பேட்டை சித்தப்பா: ஆர்குட் வழியாகத்தான் வந்தது பாப்பா. அப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு கேபின், மணிக்கு 20 ரூபாய். பையன்கள் இரண்டு பேர் சேர்ந்து காசு போட்டு ஒரே நாற்காலியில் உட்காருவார்கள். மெயில் பார்க்க வருகிறவர்களை விட ஸ்கிராப், அதாவது ஆர்குட் பக்கத்தில் நண்பர்கள் எழுதிவைக்கிற சேதி, பார்க்க வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆரம்பத்தில் உள்ளே இருக்கிற ஒருவர் அழைத்தால்தான் சேர முடியும். அந்த அழைப்புக்காகவே என் மேசையைச் சுற்றி நிற்பார்கள்.

காலடிப்பேட்டை அத்தை: அப்போது தமிழில் எழுத முடிந்ததா தம்பி?

தண்டையார்பேட்டை சித்தப்பா: பாதி கம்ப்யூட்டரில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும் அக்கா. அதனால் தமிழையும் ஆங்கில எழுத்தில்தான் அடித்தோம். அது தெரியாதவர்கள் என்னிடம் வந்து சொல்லச் சொல்ல நான் அடித்துக் கொடுப்பேன். காசிமேட்டிலிருந்து ஒரு அண்ணன் வருவார். மஸ்கட்டில் இருக்கிற தம்பிக்கு ஸ்கிராப் போட வேண்டும். "அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது என்று போடு" என்பார். அடித்து முடித்ததும் திரும்பப் படித்துக் காட்டச் சொல்வார்.

நான்: இது போதும் சித்தப்பா, இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அப்புறம் ஏன் எல்லாரும் ஃபேஸ்புக்குக்குப் போனார்கள்?

தண்டையார்பேட்டை சித்தப்பா: கடையில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஆர்குட்டில் ஒவ்வொருவர் பக்கத்துக்கும் நாமே போய் எட்டிப் பார்க்க வேண்டும். ஃபேஸ்புக் 2006 செப்டம்பரில் நியூஸ் ஃபீட் கொண்டுவந்தது. ஊர்ச் சேதி மொத்தமும் நம் திண்ணைக்கே வந்துவிட்டது. அதே மாதம் 13 வயது தாண்டிய யாரும் சேரலாம் என்று திறந்தும் விட்டார்கள். 2009 இல் லைக் வந்தது. எழுதத் தயங்குகிறவன்கூட ஒரு விரலால் பதில் சொல்ல முடிந்தது.

ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30 அன்று மூடினார்கள். மூன்று மாதம் முன்னதாகவே அறிவித்துவிட்டார்கள். நம் பக்கத்தில் இருப்பதை எடுத்து வைத்துக்கொள்ள வழியும் கொடுத்தார்கள். நான்தான் எடுக்கவில்லை. என்னோடு கேரம் ஆடிய நண்பன் என் பக்கத்தில் ஒரு டெஸ்டிமோனியல், அதாவது என்னைப் பற்றி நாலு வார்த்தை, எழுதியிருந்தான். பதினைந்து வரி இருக்கும். 2009 இல் மணலி சாலையில் விபத்தில் போய்விட்டான். அவன் கைப்பட எழுதியது என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான். "இவன் தோற்றால் சிரிப்பான், ஜெயித்தால் அழுவான்" என்ற வரி மட்டும் ஞாபகம் இருக்கிறது. மீதி போயே போய்விட்டது.

காலடிப்பேட்டை அத்தை: இதை நீ எங்களிடம் சொன்னதே இல்லையே தம்பி.

எண்ணூர் மாமா: எனக்கும் அவனைத் தெரியும். நல்ல பையன்.

வியாசை அண்ணன்: எனக்கும் இப்படி நடந்தது சித்தப்பா. 2020 ஜூன் 29 ராத்திரி டிக்டாக்கைத் தடை செய்தார்கள். என் கானா வீடியோ எல்லாம் அதில்தான் இருந்தது. போன் கேலரியில் கிடந்த கொஞ்சம்தான் மிச்சம்.

காலடிப்பேட்டை அத்தை (8:31): கண்ணு, வாட்ஸ்அப் வந்த கதையை நான் சொல்கிறேன், இதையும் எழுதிக்கொள். அதற்கு முன்னால் எல்லாம் எஸ்எம்எஸ்தான். மாதம் முழுக்க பேக் போட்டு வைத்திருப்போம். ஆனால் பொங்கல், தீபாவளி அன்று அந்த பேக் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. வாழ்த்துச் சொல்ல வேண்டிய நாளில்தான் பார்த்துப் பார்த்து அனுப்ப வேண்டியிருந்தது. என் பழைய நோக்கியா போனிலேயே வாட்ஸ்அப் ஓடியது. அந்தத் தீபாவளிக்கு நாற்பது பேருக்கு வாழ்த்து அனுப்பினேன், ஒரு பைசா கூடுதலாகப் போகவில்லை. நம் மாதிரி வீடுகளில் அது நுழைந்ததற்கு அதுதான் காரணம்.

நான்: நான் படித்ததும் இதோடு சேர்கிறது அத்தை. 2009 இல் ஜான் கூம் அதை ஆரம்பித்தபோது, நம் பெயர் பக்கத்தில் "வேலையாக இருக்கிறேன்" என்று காட்டுவதற்குத்தான் செய்தாராம். மக்கள் அதையே சேதி சொல்லப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். 2014 இல் ஃபேஸ்புக் 19 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது அங்கே வேலை செய்தவர்கள் 55 பேர்தான்.

எண்ணூர் மாமா: நல்லதை மட்டும் பேசிவிட்டு வராதே பாப்பா. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் எந்தத் தெருவில் ஆள் மாட்டியிருக்கிறார்கள் என்று ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் வந்ததைப் பார்த்துத்தான் நாங்கள் ஃபைபர் படகை லாரியில் ஏற்றினோம். அது உண்மை. அதே போனில்தான் 2018 இல் குழந்தை கடத்துகிறார்கள் என்று வீடியோ சுற்றியது. மே மாதம் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்தே கொன்றுவிட்டார்கள். நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? அந்த வீடியோ எனக்கும் வந்தது, நானும் நான்கு குழுவுக்கு அனுப்பினேன். பயத்தில் அனுப்பினேன். இன்று வரை அது மனதில் கிடக்கிறது.

நான்: இதையும் சொல்கிறேன் மாமா. அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு சேதியை ஐந்து இடத்துக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி செய்தார்கள்.

எண்ணூர் மாமா: அந்த உயிருக்குப் பிறகு.

அப்பா (8:52): நம் அம்மாவை, பாப்பாவின் ஆயாவை, யாரும் சொல்லவில்லையே.

தண்டையார்பேட்டை சித்தப்பா: சொல்ல வந்தேன் அண்ணா. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா இலவசமானபோது அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம் இல்லையா? எழுதப் படிக்கத் தெரியாது. அந்த மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசு என்று ஒரே ஒரு முறைதான் காட்டினேன். மறுநாள் காலை ஐந்து மணிக்கு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து அம்மாவின் குரல் வருகிறது. என் கடையில் வரிசையில் நின்று சொல்லி அடித்தவர்களை நினைத்துக்கொண்டேன். இனி யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய வளர்ச்சி. பாப்பா, கல்லூரியில் இதைச் சொல்.

காலடிப்பேட்டை அத்தை: தினமும் மீன் விலை சொல்வார். என் போனில் அத்தனையும் இருந்தது. 2023 மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது போன் நனைந்து செத்துவிட்டது. பேக்கப் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அம்மா போன பிறகு அவர் குரலை நான் கேட்கவே இல்லை.

தண்டையார்பேட்டை சித்தப்பா: அக்கா, இருங்கள். வாட்ஸ்அப்பில் சேதி போய்ச் சேர்ந்ததும் அவர்கள் சர்வரில் வைத்திருப்பதில்லை, அவரவர் போனில்தான் இருக்கும். அப்படியென்றால் அம்மா குழுவில் பேசியது நம் எல்லார் போனுக்கும் வந்திருக்கும். அண்ணா, உங்கள் பழைய போன் எங்கே?

அப்பா: பீரோவில் இருக்கிறது. டிஸ்பிளே ஓரமாக உடைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான்: எடுத்துச் சார்ஜ் போடுகிறேன்.

நான் (9:40): ஆன் ஆகிவிட்டது. குரல் பதிவு ஃபோல்டரில் 312 இருக்கிறது.

காலடிப்பேட்டை அத்தை: ஒன்றைப் போடு கண்ணு.

நான்: குரல் பதிவு, 0:21

நான்: பெரியப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் எழுதியும் அனுப்புகிறேன். "இன்னிக்குக் காணாங்கெளுத்தி பளபளன்னு வந்திருக்கு. மத்தியானம் எல்லாரும் சாப்பிட வந்துடுங்க. சின்னவன் கடையை மூடிட்டு லேட்டாத்தான் வருவான், அவனுக்கு ரெண்டு துண்டு எடுத்து வைக்கிறேன்." பின்னால் ஏலம் விடுகிற சத்தம் கேட்கிறது.

வியாசை பெரியப்பா: படித்தேன் பாப்பா. அம்மா பேசுகிற மாதிரியே இருக்கிறது.

காலடிப்பேட்டை அத்தை: நான்கு முறை கேட்டுவிட்டேன்.

தண்டையார்பேட்டை சித்தப்பா (9:58): பாப்பா, அந்த போனில் எதையும் அப்டேட் செய்யாதே, எதையும் அழிக்காதே. நாளைக் காலை பத்து மணிக்குக் கடைக்குக் கொண்டு வா. 312 ஐயும் தேதி போட்டு இரண்டு பென் டிரைவில் ஏற்றித் தருகிறேன். ஒன்று அக்காவுக்கு.