பெரிய வீட்டுக் குழு: வீணை வகுப்புக்குக் கட்டணம்

தேன்மொழி, காலை 9.12
அனைவருக்கும் வணக்கம். ஊரடங்கின்போது இலவசமாகத் தொடங்கிய என் வீணைப் பாடக் காணொளிகளுக்கு இனி மாதம் 199 ரூபாய் கட்டணம் என்று அறிவித்தேன். இத்தனை நாள் தவறாமல் பார்த்து வந்தவர்களில் பலர் பதிலே எழுதவில்லை. 99 ஆகக் குறைத்துவிடட்டுமா?

பெரியப்பா, 9.20
குறைக்காதே அம்மா. 2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் என்ற இணையப் பாட்டுக் கடையைத் திறந்தபோது, அதே பாடல்கள் இணையத்தில் திருட்டுத்தனமாக இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருந்தன. இருந்தும், தேடி அலையாமல் வேண்டிய ஒரு பாட்டை மட்டும் 99 சென்ட்டுக்கு வாங்க முடிந்ததால், முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாடல்கள் விற்றன.

சரஸ்வதி அத்தை, 9.31
எனக்கு விலை ஒரு பொருட்டே இல்லை, தேனு. சென்ற ஆண்டு ஒரு யோகா செயலியில் ஒரு ரூபாய்தானே என்று சோதனைக்காகச் சேர்ந்தேன். அடுத்த மாதமே 999 ரூபாயை எடுத்துக்கொண்டார்கள், நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் இரண்டாவது மாதத்துப் பணமும் போய்விட்டது. அன்றிலிருந்து 'சந்தா' என்ற சொல்லைப் பார்த்தாலே கை பின்வாங்குகிறது.

முருகேசன் சித்தப்பா, 9.44
அக்கா, வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாகவே தகவல் அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் நமக்கு வரும் விளம்பரக் குறுஞ்செய்திகளின் குவியலில் அதை யார் படிக்கிறார்கள்? யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போனால், அந்த நிறுவனத்தைக் கேட்காமல் நீங்களே ரத்து செய்துவிடலாம். வெளியேறும் வழியை மறைத்துவைக்கும் இந்தச் 'சந்தாப் பொறி'யை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே தடைசெய்த ஏமாற்று உத்திகளில் சேர்த்திருக்கிறது.

தேன்மொழி, 10.05
அப்படியானால் மாதச் சந்தாவே வேண்டாம். தொடக்கப் பாடங்களான சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் இலவசமாகவே இருக்கட்டும். அவற்றைத் தாண்டி வருபவர்கள் கீதத்தையும் வர்ணத்தையும் ஒவ்வொன்றாக, ஒரே முறை பணம் கட்டி வாங்கிக்கொள்ளட்டும். எடுப்பதும் விடுவதும் அவர்கள் கையில்.

சரஸ்வதி அத்தை, 10.08
இப்போது சொன்னாயே, இதற்கு நான் பணம் தருவேன். க்யூஆர் குறியீட்டை அனுப்பு.

கோபால் மாமா, 10.15
குடும்பத்தாருக்கும் கட்டணம் உண்டா?

தேன்மொழி, 10.16
உண்டு, மாமா.