பேஸ்மேக்கர் வைத்த பிறகு அம்மாவுக்குப் பயம் விடவில்லை: எதைத் தடுப்பது, எதை விடுவது?

செந்தூல் மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. மூன்று வாரத்துக்கு முன் நெஞ்சின் இடது பக்கம் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்தார்கள். புண் ஆறிவருகிறது, ஆனால் இடது கையை அசைப்பதே இல்லை. தூக்கத்தில் பேட்டரி நின்றுவிடுமோ என்று விழித்தே கிடக்கிறார். கைப்பேசி பக்கத்தில் வந்தால் எழுந்து போய்விடுகிறார். பத்துமலைக்கு இனிப் பால்குடம் எடுக்க முடியாதே என்று அழுகிறார். வீட்டில் நாங்கள் எப்படி நடந்துகொள்வது?

இருதயப் பிரிவுத் தாதி:
தங்கச்சி, முதலில் கை. கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பியின் நுனி இதயச் சுவரில் நன்றாகப் பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை முழங்கை தோளுக்கு மேலே போகக்கூடாது. கொடியில் துணி போடுவது, அரிசி மூட்டை தூக்குவது எல்லாம் வேண்டாம். அதற்காகக் கையைக் கட்டிப்போட்டதுபோல் வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். அந்த வலியைக் கருவியின் கோளாறு என்று நினைத்து இன்னும் பயப்படுவார். கையைத் தொங்கவிட்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டட்டும், முழங்கையை மடக்கி நீட்டட்டும், தினம் மூன்று நான்கு தடவை.

சேலை கட்டினால் முந்தானை ஊசி சரியாகப் புண் பக்கம் வரும். கொஞ்ச நாளைக்கு முன்பக்கம் பட்டன் வைத்த உடை போதும். காரில் முன்னால் உட்கார்ந்தால் பெல்ட் இடது தோளில் அழுத்தும். அதற்காகப் பெல்ட் போடாமல் விடாதீர்கள். ஓட்டுநருக்குப் பின்னால் உட்காரவையுங்கள், பெல்ட் வலது தோளுக்குப் போய்விடும்.

புண்ணில் மஞ்சள், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கிருமி கம்பியில் ஏறிவிட்டால் கருவி, கம்பி எல்லாவற்றையும் எடுக்க வேண்டிவரும்.

ஜெலுத்தோங் டெக்னீஷியன்:
பேட்டரி திடீரென்று நிற்காது. பெரும்பாலும் 8 முதல் 12 வருடம் ஓடும். ஒவ்வொரு பரிசோதனையிலும் மீதி ஆயுள் தெரியும், மாற்றச் சொல்லும் குறி வந்த பிறகும் பொதுவாகச் சில மாதம் வேலை செய்யும். அடுத்த முறை போகும்போது அம்மாவே கேட்கட்டும்: பேட்டரி இன்னும் எத்தனை வருடம்? குறைந்தபட்சத் துடிப்பு எத்தனை என்று வைத்திருக்கிறீர்கள்? அதை எழுதிக் கருவி அட்டையோடு வைத்துக்கொள்ளட்டும்.

கைப்பேசி கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளியிருந்தால் போதும், வலது காதில் வைத்துப் பேசலாம். இண்டக்ஷன் அடுப்பு என்றால் 60 செ.மீ. மைக்ரோவேவ், டிவி பற்றிக் கவலையே வேண்டாம். நான் பயப்படுவது காந்த மெத்தை, காந்த வளையல், காலில் மின்சாரம் பாய்ச்சும் மசாஜ் கருவி இவற்றுக்குத்தான். பலமான காந்தம் நெருங்கினால் பேஸ்மேக்கர் இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் தூண்டும். காந்தத்தை விலக்கினால் பழையபடி ஆகிவிடும்.

செந்தூல் மகள்:
மிக்க நன்றி. ஷாக் அடிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மணிக்குப் பல தடவை நாடி பிடித்துப் பார்க்கிறார்.

மனநல ஆலோசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்:
ஷாக் கொடுப்பது ஐ.சி.டி. என்ற வேறு கருவி. பேஸ்மேக்கரின் மின்துடிப்பு பொதுவாகத் தெரியவே தெரியாது.

நாடி பார்ப்பதை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள், காலை ஒரு நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்: 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின் முழு 1 நிமிடம் எண்ணி, நோட்டில் எழுதி, மூடிவைப்பது. அடிக்கடி பார்த்தால் கொஞ்ச நேரம்தான் நிம்மதி, பயம் திரும்ப வந்துவிடும். “ஒன்றும் ஆகாதும்மா” என்று வாயை அடைப்பதைவிட, “ராத்திரியில என்ன நடக்கும்னு தோணுது?” என்று கேளுங்கள். காய் நறுக்குவது, பூ தொடுப்பது போன்ற வேலைகளைத் திருப்பிக் கொடுங்கள். பெரியவர்களைச் சும்மா உட்காரவைப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, பேச்சு எதிலும் நாட்டமில்லை என்றால் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையம்) சொல்லுங்கள். வாழ்ந்து என்ன என்ற பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள். மனம் தளர்ந்தவர்களின் பேச்சைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை அழையுங்கள்: 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

இருதயப் பிரிவுத் தாதி:
ஒன்றைச் சேர்க்கிறேன். மயக்கம், மூச்சுத் திணறல் இவற்றைப் பயம் என்று தள்ளாதீர்கள், 999 அழையுங்கள். விக்கல் நிற்கவே இல்லை என்றால் கம்பி நகர்ந்து உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை) தூண்டலாம், அன்றே காட்டுங்கள்.

பால்குடம்: 6 வாரம் முடியட்டும், மருத்துவர் சம்மதிக்கட்டும். சின்னக் குடம், பாதிப் பால், தலையில் வைக்காமல் நெஞ்சுக்குக் கீழே இரு கையாலும் பிடித்து, பத்துமலையின் 272 படியையும் நின்று நின்று ஏறலாம். அலகு குத்துவது மட்டும் வேண்டாம். தோலைத் துளைத்தால் கிருமி இரத்தம் வழியாகக் கம்பியில் போய்த் தங்கிவிடலாம்.