ஸ்டோ வெங்கன்ராத் லித்தோகிராஃப் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

நியூ ஜெர்சியில் ஒரு பழைய வீட்டுச் சாமான் விற்பனையில் அண்ணன் ஒரு லித்தோகிராஃப் (கல்லில் வரைந்து, அதிலிருந்து தாளில் அச்செடுக்கும் படம்) வாங்கி வந்திருக்கிறார். பாறை, மூடுபனி, ஆளரவமில்லாத ஒரு வீடு, அவ்வளவுதான், ஆனால் பார்க்கப் பார்க்க மனசை என்னவோ செய்கிறது. கீழே பென்சிலில் ஸ்டோ வெங்கன்ராத் என்று கையெழுத்து. 1906ல் புரூக்ளினில் பிறந்து 1978ல் மறைந்தவர், அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துக் கடற்கரையையும் ஆந்தைகளையும் கறுப்பு வெள்ளையில் வரைந்து தள்ளியவர் (அந்தக் கறுப்பில்தான் எத்தனை கறுப்பு!).

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வரிசையான புள்ளிகள் இல்லை, சொரசொரப்பான கல்லில் கிரேயான் பட்டது போல ஒழுங்கற்ற மணிமணியாக இருக்கிறது, அதனால் ஆஃப்செட் இயந்திரத்தில் புள்ளி புள்ளியாக அச்சடித்த நகல் இல்லை என்றே நினைக்கிறேன். தலைப்பு மட்டும் எங்கும் இல்லை. 1931 முதல் 1972 வரை அவர் செய்த லித்தோகிராஃப்களைப் பட்டியலிட்டு 1974ல் ஒரு நூல் வந்தது, அது யாரிடமாவது இருந்தால், இல்லை பக்கத்து நூலகத்தில் கிடைத்தால், கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா? படத்தை அனுப்புகிறேன்.

அப்புறம் இன்னொன்று. சட்டத்துக்குள் இருக்கும் பழைய அட்டை பழுத்து, தாளின் ஓரமெல்லாம் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. அட்டையை நாமே பிரிக்கலாமா, இல்லை தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டுமா? விலை விசாரிக்கவில்லை, விற்கும் எண்ணமும் இல்லை.